பதினாலாம் குழிக்கு இடப்பக்கம்

புதன்கிழமை காலை நூலுவுக்குக் கிடைத்தது ஒரு தாளும் மூன்று நாள் அவகாசமும்தான். ஆனால் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கோல்ஃப் மைதானத்தின் பின்பாதையில் அவன் நடந்த நடையைப் பார்த்தவர்கள், மைதானத்தையே அவன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். கால் தரையில் பாவவில்லை.

நூலு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பத்தொன்பது வருஷமாகச் சாக்கடைக் குழாய்க்குப் பள்ளம் தோண்டுகிற எக்ஸ்கவேட்டர் ஓட்டுநர் அவன். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நூல் பிடித்த மாதிரி, ஒரு விரற்கடை கோணாமல் தோண்டுவான். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. அப்புறம் அவன் கல்யாணம் செய்துகொண்டதோ ஒரு தையல்காரியை. விடுவார்களா? "நூலுக்கு ஊசி கிடைச்சிருச்சு, இனிமே கிழிஞ்சதெல்லாம் தச்சிரலாம்" என்று கூட வேலை பார்க்கிறவர்கள் பன்னிரண்டு வருஷமாக அதே ஜோக்கைச் சொல்லி, புதுசாகக் கேட்ட மாதிரி சிரிக்கிறார்கள்.

மைதானத்தில் பங்கர்களைப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. குண்டுக்குப் பயந்து பதுங்குகிற பங்கர் இல்லை. பந்து போய் மாட்டிக்கொண்டு, அடித்தவரை அழவைக்கிற மணல் பள்ளம். மொத்தம் நாற்பத்தாறு. எல்லாம் கிழடுதட்டிப் போனவை. மழை பெய்தால் குளம், வெயில் அடித்தால் கட்டாந்தரை. பழைய மணலை அள்ளி, பள்ளத்துக்குப் புது வடிவம் கொடுத்து, அடியில் வடிகால் குழாய் பதித்து, புது மணல் நிரப்ப வேண்டும். நூலுவும் அவன் மச்சினனும் வந்தது அந்த வடிகால் குழாய்க்காக. மீன்முள் மாதிரி நடுவில் ஒன்று, இரண்டு பக்கமும் கிளைகள், எல்லாம் நேர்க்கோடு. அவனுக்கு அது தூங்கிக்கொண்டே செய்கிற வேலை.

வடிவம் கொடுக்கிறவர் வேறு ஆள். ஷேப்பர் என்பார்கள். அந்த மனுஷர் தோண்டுவதைப் பார்த்த முதல் நாளே நூலுவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அதே வண்டி, மண் அள்ளுகிற அதே பக்கெட், ஆனால் அவர் கையில் மண் வளைந்தது, ஏறியது, இறங்கியது, மடங்கிப் படுத்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பான். வீட்டில் சர்க்கரை டப்பாவுக்குள் ஸ்பூனால் பங்கர் தோண்டிப் பழகினான்.

"காப்பிக்குச் சர்க்கரை போடச் சொன்னா கிணறு வெட்டறீங்களே" என்று மனைவி டப்பாவைப் பிடுங்கி வைத்தாள்.

நாற்பத்திரண்டு வயதில் ஒரு மனுஷனுக்கு இப்படி ஓர் ஆசை வந்தால் அது சின்ன வயசு ஆசையைவிட மோசமானது. வெளியே சொல்லவும் வெட்கம், உள்ளே வைத்துக்கொள்ளவும் முடியாது. இனிமேல் செத்தாலும் சாக்கடைக்குத் திரும்பக் கூடாது, இந்த வளைவு வேலைதான் வேண்டும் என்று அவன் மனசுக்குள் அடம்பிடித்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து ஷேப்பருக்கு வயிற்று வலி வந்தது. குடல்வால். ஆபரேஷன் செய்து, ஆறு வாரம் வண்டியில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நூலு அவருக்காக வருத்தப்பட்டான். உண்மையாகவே வருத்தப்பட்டான், ஒரு பத்து நிமிஷம்.

பங்கர்களை வரைந்து கொடுக்கிற டிசைனர் மேடம், வெளியூரிலிருந்து இன்னொரு ஷேப்பரைக் கூப்பிடப் போனை எடுத்தார். மைதானத்துப் புல்லுக்கெல்லாம் பொறுப்பான மேலாளர் பக்கத்தில் இருந்தார். புல்லு சார் என்றுதான் அவருக்குப் பெயர். "மேடம், நம்ம நூலு கை நல்ல கை. ஒண்ணே ஒண்ணு குடுத்துப் பாருங்களேன்" என்றார்.

மேடம் நூலுவை மேலும் கீழும் பார்த்தார். அதிகம் பேசுகிறவர் இல்லை அவர்.

"நேரா தோண்டறவர்தானே நீங்க?"

"வளைச்சும் தோண்டுவேன் மேடம்."

"எப்போ தோண்டினீங்க?"

சர்க்கரை டப்பாவைச் சொல்ல முடியுமா? மேடம் ஒரு தாளில் மளமளவென்று படம் வரைந்து கொடுத்தார். நடுவில் ஒரு வட்டம். அதுதான் கிரீன், பந்தை உருட்டிக் குழியில் போடுகிற வழவழப்பான புல்வெளி. அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பழைய பங்கர். கீழே இரண்டே வரி: "இடது: ஆழமாக, உள்ளே நாக்கு மாதிரி ஒரு மேடு. வலது: மூடிவிடவும்."

"பதினாலாம் குழி. சனிக்கிழமை பத்து மணிக்கு வந்து வடிவத்தை மட்டும் பார்ப்பேன். குழாய், மணல் எல்லாம் அப்புறம். பிடிச்சிருந்தா மிச்சமும் நீங்க பண்ணலாம். இல்லேன்னா திங்கக்கிழமை அந்த ஆள் வந்துருவார்." கிளம்பும்போது திரும்பிச் சொன்னார். "ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. யாரோ செஞ்ச மாதிரி தெரியக் கூடாது. அது பாட்டுக்கு அங்கேயே இருந்த மாதிரி இருக்கணும்."

நூலு தலையாட்டினான். முதல் பாதி காதில் விழுந்தது. இரண்டாம் பாதி சந்தோஷத்தில் எங்கேயோ போய்விட்டது.

வண்டியைப் பின்பாதை வழியாகத்தான் கொண்டுபோக முடியும். அந்தப் பாதை கிரீனுக்குப் பின்புறம் போய் முட்டும். அங்கே இறங்கி நின்று, தாளை விரித்து, இடது எது வலது எது என்று நூலு பார்த்தான். வடிகால்காரனுக்கு இதில் குழப்பமே கிடையாது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் பார்த்து நில். இடது கை பக்கம் இடது, வலது கை பக்கம் வலது. வேலைக்குச் சேர்ந்த அன்று சொல்லிக்கொடுத்தது, எலும்பில் ஊறிப்போனது. அந்தக் கிரீன் பின்னாலிருந்து முன்பக்கம் சரிந்திருந்தது. தண்ணீர் முன்னால் ஓடும். அதே பக்கம் பார்த்து நின்றான். இடது கையை நீட்டினான்.

"மாப்ள, இதான். பெயிண்டை எடு!"

மச்சினன் பெயிண்ட் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு ஓடிவந்தான். அக்காள் புருஷனுக்கு ஷேப்பர் ஆகிற யோகம் வந்ததில் அவனுக்கும் தலைகால் புரியவில்லை. "மாமா, நீங்க ஷேப்பர் ஆயிட்டா நான் யாரு? துணை ஷேப்பரா?"

"நீ எப்பவும் போலத் தொணதொணப்பு ஷேப்பர்தான். டம்பரை எடுத்துட்டு வா."

இரண்டு நாள் தோண்டினான் பாருங்கள், அப்படி ஒரு தோண்டல்! புதன்கிழமை வண்டியை விட்டு இறங்கவே இல்லை. ஆழம் சரியாக வந்தது. நாக்கு மாதிரி மேடு உள்ளே நீட்டிக்கொண்டு வந்தது. வியாழக்கிழமை ஓரத்தை வளைக்க ஆரம்பித்தான். கண்ணளவில் வளைக்க அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. பையிலிருந்து தன் பழைய நூல்கண்டை எடுத்து, முளை அடித்து, நூல் கட்டி, ஒவ்வொரு வளைவும் இரண்டேகால் மீட்டர் என்று அளந்துகொண்டான். எட்டு வளைவு. எட்டும் அச்சில் வார்த்த மாதிரி. தோண்டிய மண்ணையெல்லாம் மச்சினன் டம்பர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கத்துப் பங்கரில் கொட்டினான். மூடச் சொன்ன பங்கர் அதுதானே. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று சந்தோஷப்பட்டார்கள். அந்த இரண்டு நாளும் புல்லு சார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் குழிப் பக்கம் தண்ணீர்க் குழாய் வெடித்து, அவர் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தார்.

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு நூலு வண்டியை அணைத்துவிட்டு, அந்த இருக்கையிலேயே உட்கார்ந்து பார்த்தான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இவனுக்கு இது முதல் குஞ்சு வேறு. உடனே மனைவிக்குப் போன் போட்டான். அன்றைக்கு அது ஐந்தாவது போன்.

"கடையைச் சாத்திட்டு வா. இப்பவே வா. வெளிச்சம் போறதுக்குள்ள பார்க்கணும் நீ."

"ஸ்கூல் யூனிஃபார்ம் நாப்பது சட்டை காஜா போடாம கிடக்குங்க."

"சட்டை ஓடியா போகுது?"

அவள் வந்தாள். முன்வாசல் வழியாக வந்தாள். மச்சினன் போய் பேட்டரி வண்டியில் அக்காவை ஏற்றிக்கொண்டு, ஃபேர்வேயின் நடுவே, அதாவது ஆடுகிறவர்கள் பந்தை அடித்துக்கொண்டே வருகிற நீளப் புல்பாதையில், ராணி மாதிரி அழைத்துவந்தான். நூறு எட்டுத் தூரத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கி நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். நூலு கிரீனிலிருந்து அவளை நோக்கி ஓடினான். அவள் "அடேங்கப்பா" என்று சொல்வதற்காகக் காத்திருந்தான்.

"தாளைக் குடுங்க" என்றாள் அவள்.

எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் அவளுக்குக் கை பரபரக்கும், தொழில் அப்படி. தாளைப் பார்த்தாள், கிரீனைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள்.

"ஆழமானது இடதுன்னு போட்டிருக்கே. நீங்க வலதுல தோண்டியிருக்கீங்க."

"அது இடதுதான்மா."

"எங்கே நின்னு பார்த்தா?"

"தண்ணி போற பக்கம் பார்த்து நின்னா."

"தண்ணியா வந்து பந்து அடிக்கப் போகுது?"

மச்சினன் சிரிக்க வாயைத் திறந்தான். மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

"இங்க நின்னுதானே அடிப்பாங்க" என்று அவள் நின்ற இடத்தைக் காலால் தட்டிக் காட்டினாள். "அப்போ இங்க நிக்கறவங்களோட இடதுதான் இடது. எங்க தொழில்ல முதல் நாள் திட்டே இதுக்குத்தான் வாங்குவோம். இடது கைன்னா சட்டையைப் போடறவங்க இடது கை. எதிர்ல நிக்கற டெய்லரோட இடது இல்ல. புதுசுல ஒரு பேண்டு வாத்தியக் குழுவுக்கு அறுபது சட்டை, அறுபதுக்கும் வலது பக்கம் பாக்கெட் வச்சேன் நான். ஒரே நாள்ல அறுபதையும் பிரிச்சேன்."

நூலு கிரீனைப் பார்த்துத் திரும்பி நின்றான். இடது கையை மெதுவாகத் தூக்கினான். அது போய்ச் சுட்டிக் காட்டியது, இரண்டு நாளாக மச்சினன் மண்ணைக் கொட்டி மூடிவைத்திருந்த பங்கரை. மூட வேண்டியதைத் தோண்டியிருக்கிறான். தோண்ட வேண்டியதை மூடியிருக்கிறான். அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

முதலில் வாயைத் திறந்தது மச்சினன்தான். "மாமா, ஒண்ணும் குடி முழுகிப் போகல. இந்தப் பக்கம்தான் நல்லா இருக்குன்னு மேடம்கிட்ட அடிச்சுப் பேசுவோம். காத்து இந்தப் பக்கம் அடிக்குது, வெயில் அந்தப் பக்கம் விழுதுன்னு ஏதாவது சொல்லுவோம். படிச்சவங்களுக்குக் காரணம்னு ஒண்ணு இருந்தா போதும்."

ஒரு நிமிஷம் நூலுவுக்கும் அந்த ஆசை வந்தது. பொய் சொல்லக் கூடாது என்ற நல்ல எண்ணமெல்லாம் அவனைத் தடுக்கவில்லை. மேடத்தின் முகம் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். அந்த முகத்துக்கு முன்னால் காற்று வெயில் கதையெல்லாம் எடுபடாது.

புல்லு சாரிடம் போய்ச் சொன்னார்கள். அவர் சேற்றுக் கையைத் தலையில் வைத்துக்கொண்டார், தலையும் சேறாயிற்று. "உன்னைப் போய் நான் சிபாரிசு பண்ணினேனே! இன்னும் ஒரு நாள்தான்யா இருக்கு."

"ஒரு நாள்ல மாத்திடறேன் சார்."

"மாத்துவியோ மந்திரம் போடுவியோ எனக்குத் தெரியாது. சனிக்கிழமை பத்து மணிக்கு இடது இடதா இருக்கணும், வலது புல்லு போடறதுக்குத் தயாரா இருக்கணும். முக்கியமா, இந்தக் கூத்து மேடம் காதுக்குப் போகக் கூடாது. இடம் வலம் தெரியாதவனுக்கு நாற்பத்தாறு பங்கரையும் யாரும் தர மாட்டாங்க. புரியுதா?"

வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கே வண்டி உறுமியது. இடது பங்கரில் கொட்டிய மண் இன்னும் இறுகாமல் பொலபொலவென்று இருந்தது நல்லதாகப் போயிற்று. பக்கெட் பக்கெட்டாக வந்தது. ஆனால் அந்த மண்ணைக் கொட்ட இடம் ஒன்றுதான். மச்சினன் முதல் டம்பரை நிரப்பிக்கொண்டு போய், எட்டு வளைவுப் பங்கரின் விளிம்பில் நிறுத்தினான். நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"மாமா, நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. நான் கொட்டிடறேன்."

"இரு."

நூலு இறங்கி வந்தான். போனை எடுத்து, பின்பக்கத்திலிருந்து, தான் உட்கார்ந்து பார்த்த அதே கோணத்திலிருந்து, பதினோரு படம் எடுத்தான். பிணத்தைத் தூக்குமுன் கடைசியாக முகம் பார்ப்பவனைப் போல நின்றான். பிறகு "கொட்டு" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வண்டிக்குப் போய்விட்டான். பின்னால் மண் சரிகிற சத்தம் கேட்டது. அவன் திரும்பவில்லை.

எட்டு மணிக்கு மனைவி வந்தாள். ஒரு மடக்கு நாற்காலி, ஒரு கூடை நிறையக் காஜா போடாத சட்டைகள், காதில் போன். நேற்று அவள் நின்ற அதே இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க தோண்டுங்க. நான் இங்கேருந்து சொல்றேன்" என்றாள் போனில். "போட்டுப் பார்க்காம எந்தச் சட்டையும் சரியா வராது. நீங்க முந்தாநாள்லேருந்து சட்டைக்கு உள்ளே உட்கார்ந்துகிட்டு தைச்சிருக்கீங்க."

நூலுவுக்கு முதலில் கோபம் வந்தது. வண்டியைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்? ஆனால் அரைமணி நேரத்தில் கோபத்துக்கு நேரமில்லாமல் போயிற்று.

"இடது மூலை எனக்குத் தெரியவே இல்லீங்க. பள்ளம்னு ஒண்ணு இருக்கறதே தெரியல."

"ஆழமாத்தானே இருக்கு!"

"உங்களுக்கு ஆழம். எனக்கு வெறும் புல்லு. முன்னாடி விளிம்பை இறக்குங்க, பின்சுவரு என் கண்ணுக்குத் தெரியணும்."

இறக்கினான். இறங்கி ஓடினான். நூறு எட்டு ஓடி, அவள் பக்கத்தில் நின்று பார்த்தான். அட! கரும்பச்சைப் புல்லுக்கு நடுவே பங்கரின் பின்சுவர் மெல்லக் கண்ணைத் திறந்திருந்தது. "தெரியுதுடி!" என்று கத்தினான். திரும்ப ஓடினான். ஏறினான். நாலு பக்கெட் அள்ளினான். மறுபடி இறங்கி ஓடினான். நாற்பத்திரண்டு வயசுத் தொப்பையைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கு அவன் ஓடிய ஓட்டத்துக்கு யாராவது பதக்கம் கொடுத்திருக்க வேண்டும். நூல்கண்டு பைக்குள் கிடந்தது. அதை எடுக்க நேரமே இல்லை. கண்ணளவிலேயே வளைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்கே தெரியாது. "கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... நிறுத்துங்க, போதும், போதும்!" என்று போனில் குரல் வர, பக்கெட்டின் பல்லால் மண்ணைச் சீவினான். வெட்டியது வெட்டியதுதான் என்பது தையலுக்கும் பொது, மண்ணுக்கும் பொது. அளவுக்கு மேல் சீவிவிட்டுத் திரும்ப அப்பினால் முதல் மழையில் அது கழன்று விழும்.

மத்தியானம் புல்லு சார் வந்தார். ஃபேர்வேயின் நடுவில் ஒரு பெண் நாற்காலி போட்டு உட்கார்ந்து சட்டைக்குக் காஜா போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துத் திகைத்துப் போனார்.

"இது யாருய்யா?"

"எங்கக்கா சார்" என்றான் மச்சினன். "கண்பார்வை இன்ஸ்பெக்டர்."

புல்லு சார் திட்டுவதற்காகத்தான் அவளிடம் போனார். அவள் நிமிராமலே, "சார், கொஞ்சம் நகருங்க, மறைக்குது" என்றாள். அவர் நகர்ந்து, அவள் பார்க்கிற திசையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் போய், வலது பக்கத்தைச் சமன் செய்ய ஒரு சின்ன ரோலரையும் இரண்டு ஆட்களையும் அனுப்பிவைத்தார்.

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு வேலை முடிந்தது. நாற்பது சட்டைக்கும் காஜா முடிந்திருந்தது. வலது பக்கம் வெறும் தரையாகிப் படுத்திருந்தது. அங்கே ஒரு பங்கர் இருந்ததற்கு அடையாளமே இல்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு மேடம் வந்தார். கூட புல்லு சார். நூலு புதுச் சட்டை போட்டிருந்தான். மனைவி கடையிலிருந்து வர முடியவில்லை, காலையில் சட்டைக் காலரை இழுத்துவிட்டு அனுப்பியிருந்தாள். மேடம் நேராகக் கிரீனுக்குப் போகவில்லை. ஃபேர்வேயில் நடந்துவந்தவர், மனைவி நாற்காலி போட்ட இடத்துக்கு இரண்டடி தள்ளி நின்றார்.

மேடம் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். பையிலிருந்து மட்டையை எடுத்து மூன்று பந்து அடித்தார். ஒன்று கிரீனில் விழுந்தது. ஒன்று விளிம்பில் விழுந்து, தயங்கி, தானாக உருண்டு பள்ளத்துக்குள் போயிற்று. மூன்றாவது அந்த நாக்கு மேட்டில் பட்டுத் திரும்பி, பள்ளத்தின் அடிக்கு வந்து நின்றது. மேடம் நடந்துபோய்ப் பள்ளத்துக்குள் இறங்கி, சுவரைக் கையால் தடவினார்.

"இதுக்கு முன்னாடி எத்தனை பங்கர் பண்ணியிருக்கீங்க?"

புல்லு சார் நூலுவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ஒன்றுமில்லை என்று சொல், அவ்வளவுதான், முடிந்தது என்று அர்த்தம். நூலுவுக்கும் புரிந்தது. ஆனால் அந்த எட்டு வளைவு கண்ணுக்குள் வந்து நின்றது. ஒரு உயிருக்கும் தெரியாமல் மண்ணுக்குள் கிடக்கிறதே! தான் பெற்ற பிள்ளையை இல்லை என்று எப்படிச் சொல்வது?

"ஒண்ணு மேடம்."

"எங்கே?"

"அதோ அங்க" என்று வலது பக்கத்து வெறும் தரையைக் காட்டினான். "மூடிட்டேன்."

புல்லு சார் வானத்தைப் பார்த்தார். நூலு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்: தண்ணீர் போகிற திசை, தையல்காரி இடது, ஒரு நாள், டம்பர். சொல்லச் சொல்ல, வேலை போகிறது என்று தெரிந்தும் வாய் நிற்கவில்லை. கடைசியில் போனை எடுத்து நீட்டினான். "இதான் மேடம். இது வேற மாதிரி இருந்துச்சு. நீங்க பார்க்கலையேன்னுதான்..."

மேடம் பதினோரு படத்தையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அவசரமே படவில்லை. நூலுவுக்கு அந்த நேரத்திலும் உள்ளே ஒரு மூலையில், "ஐயோ, இதைப் போய் மூடிட்டீங்களே" என்று அவர் சொல்லிவிடுவார் என்ற நப்பாசை இருந்தது.

மேடம் பள்ளத்திலிருந்து மேலேறி வந்து போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லவேளை, மூடிட்டீங்க" என்றார்.

நூலுவின் முகத்தில் ரத்தம் ஏறியது. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. மேடம் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை; தன் போனை எடுத்து, யாரிடமோ, "திங்கக்கிழமை வர வேண்டாம். இல்ல, ஆள் கிடைச்சாச்சு" என்று பேசிக்கொண்டிருந்தார். அந்த வார்த்தை நூலுவின் காதில் விழுந்து, மூளைக்குப் போய், அர்த்தம் ஆவதற்குள் மச்சினன் ஓவென்று கத்திக்கொண்டு வந்து மாமாவைத் தூக்கிவிட்டான். கனம் தாங்க முடியாமல் இரண்டு பேரும் பள்ளத்துக்குள் விழுந்தார்கள். புல்லு சார் சிரித்தார். மேடம்கூடச் சிரித்த மாதிரி இருந்தது.

விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து நூலு வீட்டுக்காரிக்குப் போன் போட்டான்.

"கிடைச்சிருச்சு! மிச்சம் அத்தனையும் நான்தான்!"

அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் சட்டென்று நின்றது. அவள் கத்திய கத்தலில் கடையில் நின்ற வாடிக்கையாளர் என்ன ஆயிற்று என்று விசாரித்தது போனில் கேட்டது. அவள் சிரித்தாள், கொஞ்சம் அழுதாள், மறுபடி சிரித்தாள். அவள் ஓய்ந்ததும் நூலு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"முதல்ல பண்ணினதோட படத்தைக் காட்டினேன். நல்லவேளை மூடிட்டீங்கன்னு சொல்லிட்டாங்கடி. அது அப்படி ஒண்ணும் மோசமா இல்லைல்ல? நீ பார்த்தியே. நிஜத்தைச் சொல்லு."

கத்தரியை மேஜையில் வைக்கிற சத்தம் போனில் கேட்டது.

"தலையணை உறை ஓரத்துக்கு வைக்கற பூவேலை மாதிரி இருந்துச்சுங்க" என்றாள் மெதுவாக. "வியாழக்கிழமையே சொல்லியிருப்பேன். இடது வலது சொன்னதுக்கே உட்கார்ந்துட்டீங்க. இதையும் சொல்லியிருந்தா எந்திரிச்சிருக்க மாட்டீங்க."

நூலுவுக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, புதுச் சட்டையெல்லாம் மண்ணாக, தான் தோண்டிய பள்ளத்துக்குள் மல்லாக்கப் படுத்து அவன் சிரித்தான். மேலே விளிம்பில் நின்றுகொண்டு மேடம், பதினைந்தாம் குழிக்கான தாளை அவனிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.